பதினேழு வரிகள்

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நீங்களாகக் கண்டுபிடித்து அப்புறம் என் சட்டையைப் பிடிக்க வேண்டாம். இது ஒரு பொய்யிலிருந்து வந்தது. “முழுக்க முழுக்க நமது பல்கலைக்கழகத்தின் சொந்தப் படைப்பான இயங்குதளம்.” விழா மலர், மூன்றாம் பக்கம், தடித்த எழுத்து. எழுதியவன் நான். டீயை ஆறவிடாமல் குடித்துக்கொண்டே எழுதி முடித்தேன்.

இயங்குதளம் என்பது கணினியைத் திறந்ததும் முதலில் விழித்துக்கொண்டு மற்ற எல்லாவற்றையும் மேய்க்கிற அடிப்படை மென்பொருள். கடையில் விற்கிறவற்றின் உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று நமக்குக் காட்டமாட்டார்கள். இந்தக் கதையில் வருவது வேறு ஜாதி. பாடம் நடத்துவதற்கென்றே எழுதப்பட்டது. மொத்தம் ஒன்பதாயிரம் வரி. ஒரு பருவத்துக்குள் ஒரு மாணவி அதை முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை படித்துவிடலாம். கடலுக்கு அந்தப் பக்கம் ஏதோ ஒரு பல்கலைக்கழகத்தில் ஐந்து பேர் எழுதி, படியுங்கள், மாற்றுங்கள், அடுத்தவருக்கும் கொடுங்கள் என்று திறந்து வைத்தார்கள். ஒரே நிபந்தனை, மேலே இருக்கும் பெயர்களை எடுக்கக் கூடாது.

அதைத்தான் சொந்தப் படைப்பு என்று எழுதினேன். ஊரார் பெற்ற பிள்ளைக்கு இனிஷியல் போடுகிற வேலை. எனக்குக் கோபமாக வருகிறது, இந்தக் கதை முழுக்கவும் கோபமாகத்தான் இருக்கப் போகிறது. பாதிக் கோபம் என் மச்சான்மேல். அவர் என் மனைவிக்கு அண்ணன், அந்தப் பல்கலைக்கழகத்தில் கணினித் துறையின் தலைவர், மலர் எழுதும் வேலையை எனக்கு வாங்கிக் கொடுத்தவர். மீதிப் பாதி யார்மேல் என்பது போகப் போகத் தெரியும்.

2

தொடக்கம் ஒன்று:

“சாளரத்தின் வழியே வழிந்த மாலை வெயில் இருபத்திரண்டு கணினிகளின்மேல் பொன்னைப் பூசியபோது”

(அடித்துவிட்டேன். துறையின் கணினிக் கூடத்தில் சாளரமே கிடையாது. வெயிலுக்கு நான் எங்கே போவேன்?)

தொடக்கம் இரண்டு:

“வளரும் நாடுகளின் உயர்கல்வி எதிர்கொள்ளும் சவால்களுள் தலையாயது”

(இது மச்சான் மேடையில் பேசுகிற பேச்சு. அடுத்த திங்கட்கிழமை விழாவில் இதே வாக்கியத்தைக் கேட்கலாம். எழுதிக் கொடுத்ததும் நான்தான்.)

தொடக்கம் மூன்று:

அவள் விசைப்பலகையைத் தலைகீழாகக் கவிழ்த்து உள்ளங்கையால் நாலு தட்டுத் தட்டினாள்.

இது நிற்கட்டும். இது நான் கண்ணால் பார்த்தது. ‘அவள்’ என்பதை மட்டும் ‘அவர்’ என்று மாற்றிக்கொள்கிறேன். நேரில் நிமிர்ந்து பார்த்துப் பேசத் தைரியமில்லாத ஒருவரைக் காகிதத்தில் மட்டும் ஒருமையில் அழைப்பது எந்த ஊர் வீரம்?

அவர் அந்தக் கூடத்தில் ஒன்பது வருஷமாகப் பயிற்றுநர். ஒப்பந்த வேலை. பிள்ளைகள் அவருக்கு வைத்த பெயர் ‘வரி மேடம்’. எதைக் கேட்டாலும் “எந்த வரிம்மா? வரிய சொல்லு” என்பார்.

3

முதல் வருஷம் வரி மேடம் அந்தச் சின்ன இயங்குதளத்தைக் கொண்டுவந்தபோது, அதன் கையேட்டின் முதல் பக்கம் சொன்னது: ‘முதலில் இந்தக் கருவிகளைத் தரவிறக்கிக்கொள்ளுங்கள்.’ ஒரு வரி. அந்த ஒரு வரிக்கு அவருக்குப் பதினாறு நாள் ஆயிற்று. கூடத்துக்கு இணையம் பதினொரு மணிக்கு வரும், பன்னிரண்டு மணிக்கு அலுவலகக்காரர்கள் பிடுங்கிக்கொள்வார்கள். முக்கால்வாசி இறங்கியபின் அறுந்துபோகும், மறுபடி முதலிலிருந்து. உலகத்துக்கே இலவசம் என்கிறார்கள். அந்த உலகத்தில் யாருக்கும் மின்சாரம் போகாது, யாருக்கும் இணையம் அறுகாது, யார் கணினியும் எவனோ கழித்துக்கட்டியதாக இருக்காது. அப்படி ஒரு உலகம் இருந்தால் எனக்கும் முகவரி கொடுங்கள்.

கணினிகள் இருபத்திரண்டு. ஏதோ ஓர் அலுவலகம் குப்பைக்குப் போடக் கூலி கொடுக்க வேண்டுமே என்று ‘நன்கொடை’யாக அனுப்பியவை. அவற்றில் அந்த இயங்குதளம் எழுந்து நிற்கவே மறுத்தது. வரி மேடம் அதன் தேவைகளை ஒவ்வொன்றாகக் குறைத்தார். பென்டிரைவிலிருந்தே ஓடும்படி செய்தார். விளக்கக் குறிப்புகள் அத்தனையையும் தமிழில் எழுதினார்.

பிள்ளைகள் நாற்பத்து மூன்று பேர். பாதிப் பேருக்கு இருக்கையே இல்லை. அதற்கும் ஒரு வழி செய்தார். ஒன்பதாயிரம் வரியையும் ஓரத்தில் வரி எண்ணோடு அச்சடித்து, தைத்து, ஆளுக்கொன்று கொடுத்தார். பாதி வகுப்பு கணினியில், பாதி வகுப்பு காகிதத்தில். “முந்நூத்தி நாப்பதுல என்ன நடக்குது?” என்று இந்தப் பக்கம் ஒருத்தி கேட்டால், அந்தப் பக்கத்திலிருந்து காகிதத்தைப் பார்த்து ஒருவன் பதில் சொல்வான். வீட்டு இலக்கம் சொல்வதுபோல வரி எண் சொல்லித்தான் அந்தக் கூடத்தில் எல்லாப் பேச்சும் நடந்தது.

அப்புறம் மின்வெட்டு. வாரத்துக்கு மூன்று முறையாவது போகும், போனால் பிள்ளைகள் செய்தது அத்தனையும் போகும். மூலத்தை எழுதியவர்களுக்கு அப்படி ஒரு சங்கடம் இருப்பதே தெரியாது. வரி மேடம் இரண்டு வருஷம் உட்கார்ந்து அதற்கு ஒரு பகுதி எழுதினார். செய்த மாற்றத்தை முதலில் ஓர் ஓரத்தில் குறித்துக்கொண்டு, பிறகு வட்டில், அதாவது கணினி எதையும் நிரந்தரமாகச் சேர்த்துவைக்கிற இடத்தில், எழுதும். மின்சாரம் எந்த நொடியில் போனாலும் வேலை பிழைக்கும். முதல் கோப்பில், வட்டில் எழுதுகிற அந்த வரியின் எண் 829.

அந்தப் பகுதியை அவர் அந்த ஐந்து பேருக்கும் அனுப்பினார். ஒருவரிடமிருந்து இரண்டே வரியில் நன்றி வந்தது. அடுத்த பதிப்பில், பங்களித்தோர் பட்டியலில், அவர் பெயர் இருந்தது. அச்சடித்துக்கொண்டுபோய் வீட்டுக்காரரிடம் காட்டினாராம்.

“காசு ஏதாவது குடுத்தாங்களா?”

“இல்லங்க.”

“அப்புறம் எதுக்கு இவ்ளோ சிரிப்பு?”

(இதை அவர் என்னிடம் சொன்னபோதும் சிரித்தார். அன்றைக்கு நான் மலருக்காகப் பேட்டி எடுக்கப் போயிருந்தேன். இந்தச் சிரிப்பை மலரில் போடவில்லை. இடமில்லை என்று எனக்கே ஒரு காரணம் சொல்லிக்கொண்டேன்.)

ஒவ்வொரு கோப்பின் தலையிலும் பதினேழு வரி உண்டு. ஐந்து வரியில் அந்த ஐந்து பேர். நான்கு வரியில் நிபந்தனை. மிச்சம் எட்டு வரி, எட்டு வருஷத்துப் பிள்ளைகள். எந்த வருஷம் யார் எதைச் சரிசெய்தார்கள் என்று வரி மேடம் பெயரோடு எழுதி வைத்திருந்தார். சிலர் இப்போது ஊர் ஊராக வேலை பார்க்கிறார்கள், ஒருத்தி கல்யாணத்துக்குப் பிறகு கணினியையே தொடவில்லை. அந்த வரியில் அவள் பெயர் மட்டும் அப்படியே இருந்தது.

4

இங்கே எனக்கு ஒரு பாத்திரத்தின்மேல் சந்தேகம் வருகிறது.

மச்சானை வில்லனாக எழுதிப் பார்த்தேன். முதல் வரைவில் அவர் மேசையைக் குத்தினார், கண்ணை உருட்டினார். பொய். அவர் அப்படிப்பட்டவர் இல்லை. என் மகளுக்குக் காய்ச்சல் என்றால் முதலில் வந்து நிற்பவர் அவர்தான். துறைக்குப் புதுக் கணினி கேட்டு ஆறு வருஷமாக மேலிடத்துக்கு எழுதி எழுதிச் சலித்தவர். ‘சொந்தப் படைப்பு’ என்று சொன்னால்தான் மேலே இருப்பவன் திரும்பியே பார்ப்பான் என்று கண்டுகொண்டவர். அவர் கெட்டவராக இருந்திருந்தால் எனக்கு வேலை சுலபம்.

போன வியாழக்கிழமை மாலை நாங்கள் இரண்டு பேரும் அவர் அறையில் இருந்தோம். மலரின் அட்டைக்கு, ஒரு கோப்பு திறந்திருந்த கணினித் திரையைப் படம் எடுத்துக் கொண்டுவந்திருந்தேன். மச்சான் பார்த்துப் பூரித்துப்போனார்.

“பிரமாதம் மாப்பிள்ளை. இதையே போட்டுடலாம்.”

அப்போதுதான் அது நடந்தது. முதல் வரைவில் இந்த இடத்தில் ‘யாரோ சொன்னார்கள்’ என்று எழுதியிருந்தேன். இரண்டாம் வரைவில் ‘பேச்சு வந்தது’ என்று. மூன்றாவதில் இந்தப் பகுதியையே காணோம். சரி, நடந்ததை எழுதுகிறேன். அதைச் சொன்னவன் நான்.

“மச்சான், மேல யார் யாரோ பேரு இருக்கே. சொந்தப் படைப்புன்னு கீழ போட்டுட்டு, மேல வெளிநாட்டுக்காரன் பேரு இருந்தா நல்லாவா இருக்கும்?”

படத்தில் வெட்டிவிடலாம் என்ற அர்த்தத்தில்தான் சொன்னேன். சத்தியமாக. ஆனால் மச்சான் என்னைவிடக் காரியத்தில் கெட்டி. கூடத்தைப் பராமரிக்கிற ஆளுக்கு அப்போதே போன் போட்டார்.

“எல்லா கம்ப்யூட்டர்லயும், எல்லா ஃபைல்லயும், மேல இருக்கற பதினேழு வரிய எடுத்துடுப்பா. ஆமா, சுத்தமா எடுத்துடு. மேலிடத்து ஆய்வுக் குழு எப்ப வேணாலும் வந்து நிக்கும்.”

பத்து நிமிஷத்தில் வேலை முடிந்தது. ஐந்து பேர், எட்டு வருஷம், எல்லாம் போயிற்று. நான் கைப்பையை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்து நன்றாகச் சாப்பிட்டேன். வரி மேடத்துக்கு யாரும் சொல்லவில்லை. அடுத்த நாள் செய்முறைத் தேர்வு. வினாத்தாள் போட்டவர் தேர்வு முடியும்வரை கூடத்துப் பக்கம் தலைகாட்டக் கூடாது என்று விதி.

5

வெள்ளிக்கிழமை, காலை பத்து மணி. கணினி போதாததால் முதல் அணி, இரண்டாம் அணி என்று பிரித்து, ஆளுக்கொரு பிரதி கொடுத்துத் தேர்வு. முதல் கேள்வி இது: ‘முதல் கோப்பின் 812-ஆம் வரியில் பிழை உள்ளது. அவ்வரியை நீக்கிவிட்டுச் சரியான வரியை எழுதி, இயங்குதளத்தை மறுபடி தொடங்குக. மற்ற வினாக்களை அதில் செய்க.’

வரி மேடம் வேண்டுமென்றே வைத்த பிழை. பழைய கணக்குப்படி சரியான கேள்வி. ஆனால் தலையில் பதினேழு வரி போய்விட்டதால் எல்லாம் பதினேழு படி மேலே ஏறியிருந்தன. பிழையான வரி 795-இல் உட்கார்ந்திருந்தது. 812-இல் இருந்தது பழைய 829. வட்டில் எழுதுகிற வரி.

எண்ணை நம்பும்படி பழக்கிய பிள்ளைகள் எண்ணை நம்பினார்கள். முதல் அணியில் மூன்று பேர், இரண்டாம் அணியில் இரண்டு பேர் மட்டும் எண்ணைப் பார்க்காமல் உள்ளே என்ன இருக்கிறது என்று தேடிப் பிடித்துத் திருத்தினார்கள்.

ஆறாவதாக ஒருத்தியும் பார்த்தாள். வகுப்பில் அவளுக்குப் பெயர் ‘சந்தேகம்’. நிமிஷத்துக்கு ஒரு தடவை கை தூக்குவாள். அன்றைக்கும் தூக்கினாள். வெளியிலிருந்து வந்த தேர்வாளர் அருகே போனார்.

“சார், இது அந்த வரி இல்ல. இது நல்லா இருக்கற வரி.”

“கேள்வியில என்ன போட்டிருக்கு?”

“எண்ணூத்திப் பன்னெண்டுன்னு போட்டிருக்கு. ஆனா...”

“ஆனாவும் வேணாம் ஆவன்னாவும் வேணாம். போட்டிருக்கறபடி செய்யி.”

தான் சரி என்று தெரிந்தே, அவள் அந்த வரியை அழித்தாள்.

கணினிகள் எழுந்தன. எல்லாம் ஓடியது. பிள்ளைகள் மற்ற நான்கு கேள்விகளையும் வியர்க்க வியர்க்கச் செய்தார்கள். திரையில் எல்லாம் சரியாகத் தெரிந்தது. வட்டில் மட்டும் ஓர் எழுத்துக்கூட ஏறவில்லை. இரண்டு அணிக்கும் நேரம் முடிந்து, அணைத்துவிட்டுத் திறந்து பார்த்தால், துடைத்துவிட்ட பலகை. தேர்வாளர் முப்பத்தெட்டுப் பெயர்களுக்கு எதிரே ‘எதுவும் செய்யப்படவில்லை’ என்று எழுதி, வரிசையாகப் பூஜ்யம் போட்டுக் கையெழுத்திட்டார்.

(இந்த இடத்தில் ‘விதி’ என்றொரு சொல் எழுத வந்தது. வராதே என்று விரட்டிவிட்டேன். விதியாவது வெங்காயமாவது. மூன்று பேர் சேர்ந்து செய்த வேலை. ஒருவர் உத்தரவு போட்டார், ஒருவர் காதை மூடிக்கொண்டார், ஒருவன் வாயை மூடாமல் இருந்தான்.)

6

தேர்வு முடிந்து கூடத்துக்குள் வந்த இரண்டு நிமிஷத்தில் வரி மேடம் கண்டுபிடித்துவிட்டார். ஒரு கோப்பைத் திறந்தார், தலையைக் காணோம். அடுத்ததைத் திறந்தார், அதற்கும் காணோம். “யாரு கை வச்சது?” என்றார். தலைவர் போனில் சொன்னார், ஆனால் எழுதிக் கொடுக்க முடியாது என்றார் பராமரிப்பு ஆள். அவருக்கும் ஒப்பந்த வேலைதான், அவருக்கும் இரண்டு பிள்ளைகள்.

செவ்வாய்க்கிழமை மச்சான் அவரைக் கூப்பிட்டு ஒரு தாளை நீட்டினார்.

“படிச்சுப் பாருங்க மேடம். படிச்சுட்டு ஒரு கையெழுத்து.”

தாளில் இரண்டு விஷயம் இருந்தது. ஒன்று, இந்த இயங்குதளம் துறையின் சொந்தப் படைப்பு. இரண்டு, வினாத்தாளில் வரி எண் தவறியது பயிற்றுநரின் கவனக்குறைவு.

“நான் சரியாத்தான் சார் போட்டேன். நீங்க எடுக்கச் சொன்ன பதினேழு வரி...”

“யாரு எடுக்கச் சொன்னா? நான் சொன்னேன்னு எங்கயாவது எழுத்துல இருக்கா? இதுல கையெழுத்துப் போடுங்க, அடுத்த வாரமே மறு தேர்வு வச்சுத் தரேன். முப்பத்தெட்டுப் பேரும் பாஸ் பண்ணட்டும். இல்லேன்னா பூஜ்யம் பூஜ்யந்தான். அடுத்த தேர்வு ஒரு வருஷம் கழிச்சு. இது கடைசிப் பருவம்னு நான் சொல்லியா உங்களுக்குத் தெரியணும்?”

“பசங்க என்ன சார் பாவம் பண்ணாங்க?”

“அதத்தாம்மா நானும் கேக்கறேன். உங்க பிடிவாதத்துக்குப் பசங்க ஏன் தண்டம் அழணும்?”

பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்கள். இங்கே இரண்டையும் ஒரே ஆள் தலையில் ஏற்றி, அதற்கு அவரிடமே கையெழுத்தும் கேட்டார்கள். புதன்கிழமை நாலு மணிவரை கெடு.

7

மூன்று முடிவுகள் எழுதிப் பார்த்தேன்.

முடிவு அ: வரி மேடம் கையெழுத்துப் போடுகிறார். பிள்ளைகள் பாஸ். விழாவில் கைதட்டல். அடுத்த வருஷம் அவர் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க மாட்டார்கள். காரணம் கேட்டால், கவனக்குறைவு, அவரே எழுதிக் கொடுத்திருக்கிறாரே.

முடிவு ஆ: போடவில்லை. முப்பத்தெட்டுப் பேர் ஒரு வருஷம் வீட்டில். ‘சந்தேகம்’ வீட்டில் அவளை அதற்குமேல் படிக்க விட

(முடிக்க முடியவில்லை. அப்படியே இருக்கட்டும்.)

முடிவு இ: பிள்ளைகள் எல்லாரும் திரண்டு வந்து, “எங்களுக்கு மார்க் வேண்டாம் மேடம், உண்மைதான் வேண்டும்” என்கிறார்கள்.

இதை எழுதிவிட்டு எனக்கே சிரிப்பு வந்தது. பிள்ளைகள் வந்தது நிஜம். பேசியது வேறு.

“போட்டுடுங்க மேடம். பேருதானே.”

“உங்க அக்கா அண்ணன் பேருடா அதுல இருந்தது. அடுத்த வரி உங்க வரி.”

பின்னாலிருந்து ‘சந்தேகம்’ கை தூக்கினாள்.

“எனக்கு பேரு வேணாம் மேடம். நான் அந்த வரிய அழிக்காம இருந்திருக்கலாமா?”

வரி மேடம் எழுந்து அவளிடம் போனார். அவளைக் கூட்டிக்கொண்டுபோய்த் தன் நாற்காலியில் உட்காரவைத்தார். கோபமாக வந்தது என்று பிறகு என்னிடம் சொன்னார். அழவில்லை. அழுதார் என்று எழுதினால் கதைக்கு நன்றாக இருக்கும். ஆனால் அழவில்லை.

8

நேற்று மாலை அவர் எனக்குப் போன் செய்தார்.

“சார், அன்னிக்கு அந்த ரூம்ல நீங்க இருந்தீங்களாம்.”

“யார் சொன்னா?”

“பராமரிப்புத் தம்பிதான். போன்ல பின்னாடி உங்க குரல் கேட்டுச்சாம். உண்மையா இல்லையா?”

“...உண்மைதான்.”

“அப்ப ஒரு பக்கம் எழுதிக் குடுங்க. எடுக்கச் சொன்னது யாருன்னு. பதிவாளர் கைல குடுத்தா மறு தேர்வு வச்சே ஆகணும், நானும் பொய்யில கையெழுத்துப் போட வேணாம். ஒரே பக்கம் சார்.”

“நான் இதைக் கதையாவே எழுதலாம்னு இருக்கேன் மேடம். ஊருக்கே தெரியும்படி...”

“கதை யாருக்கு சார் வேணும்?” அவர் குரல் உயர்ந்தது. “கதையப் படிச்சுட்டு யாராவது மார்க் போடுவாங்களா? தேதி போட்டு, கையெழுத்துப் போட்டு, ஒரு பக்கம். முடியும்னா முடியும்னு சொல்லுங்க. முடியாதுன்னா வைங்க போன.”

வைத்தது நான்தான்.

மனைவியிடம் சொன்னேன். அவள் சொன்னாள்: “எங்கண்ணனுக்கு எதிரா நீங்க எழுதிக் குடுத்துட்டா, அந்த வீட்டு வாசப்படிய நான் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு மிதிக்கறது?” கொஞ்ச நேரம் கழித்து, “அந்தப் பொண்ணு இடத்துல நம்ம பொண்ணு இருந்தா?” என்றும் அவளே கேட்டாள். காலையில் எழுந்து உட்கார்ந்து இந்தக் கதையை எழுத ஆரம்பித்தேன்.

மீதிக் கோபம் யார்மேல் என்று இப்போது தெரிந்திருக்கும். ஒரு பக்கம் கேட்டவருக்கு எட்டுப் பகுதி எழுதியிருக்கிறேன்.

இதோ அந்த ஒரு பக்கம்.

பெறுநர்: பதிவாளர்.

“கணினிக் கூடத்தின் கோப்புகளிலிருந்து பதினேழு வரிகள் நீக்கப்பட்டதாக”

(‘நீக்கப்பட்டதாக’வாம். தானாகவே எழுந்து போனதுபோல.)

“பதினேழு வரிகளை நீக்கும்படி துறைத்தலைவர் என் முன்னிலையில் உத்தரவிட்டார்.”

(உண்மை. ஆனால் என் தோலைக் காப்பாற்றிக்கொண்ட உண்மை.)

“பதினேழு வரிகளை நீக்கும்படி துறைத்தலைவர் உத்தரவிட்டார். அந்தப் பெயர்கள் இருக்கலாமா என்று முதலில் கேட்டு அதைத் தொடங்கிவைத்தவன் நான். பயிற்றுநருக்கு இது தெரியாது. வினாத்தாளில் பிழை இல்லை. கேள்வி கேட்ட மாணவியை அதட்டி உட்காரவைத்திருக்கிறார்கள். மறு தேர்வு வையுங்கள்.”

தேதி போட்டுவிட்டேன். கையெழுத்துக்கு இடம் விட்டிருக்கிறேன். புதன்கிழமை, மணி மூன்றேகால். பதிவாளர் அலுவலகம் நாலு மணிக்கு மூடும், நடந்தே போனாலும் இருபது நிமிஷம். அடுத்த அறையில் மனைவி துணி மடித்துக்கொண்டிருக்கிறாள். பேனா கையில்தான் இருக்கிறது.

இதற்குமேல் நான் எழுதப்போவதில்லை. முடிவை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். அவன் கையெழுத்துப் போட்டுவிட்டு எழுந்து போனான் என்றுதான் முடிப்பீர்கள், எனக்குத் தெரியும். படிக்கிறவர்களுக்கு நல்ல மனசு. ஆனால் நீங்கள் கதையில் என்னை எத்தனை முறை அனுப்பிவைத்தாலும், முப்பத்தெட்டுப் பேரில் ஒருவருக்கும் ஒரு மார்க் வராது.

மணி மூன்று இருபது.